வாசல் வளையத்தில் குன்றிமணி வேண்டாம்

டிசம்பர் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் நட்சத்திரம் தொங்காத தெரு இல்லை. இப்போது நட்சத்திரத்தோடு கதவில் ஒரு பச்சை வளையமும் மாட்டுகிறார்கள். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வளையத்தை விட்டுவிட்டு, தோட்டத்தில் இருப்பதை வைத்து வீட்டிலேயே கட்டுகிறவர்களும் உண்டு. நல்ல பழக்கம், எனக்குப் பிடித்த பழக்கம். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பதால், வளையம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அதில் என்னென்ன கட்டியிருக்கிறார்கள் என்றுதான் என் கண் தேடும். நம் வேலியோரத்தில் சும்மா கிடக்கும் சில விதைகளும் காய்களும் குழந்தையின் வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

முதலில் வளையத்தைக் கட்டிவிடுவோம். பானை வைக்கும் பிரிமணை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் வைக்கோலைப் பிரியாக முறுக்கி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளைத்து, தும்புக் கயிற்றால் இறுக்கிச் சுற்றுங்கள். அட்டையை வெட்டி வளையம் செய்ய வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடியாத நேரம் இது, இரண்டு சாரல் அடித்தால் அட்டை ஊறித் தொங்கிவிடும். வைக்கோலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர வைக்கோலில் பூஞ்சை பிடிக்கும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

பச்சைக்கு மாவிலையும் சவுக்குக் கிளையும் போதும். கிறிஸ்துமஸ் மரத்துக்கு வாங்கிய சவுக்கில் கழித்துப் போடும் நுனிகளே ஒரு வளையத்துக்குத் தாராளம். சவுக்கின் காய்ந்த காய்கள் சின்னச் சின்ன பைன் காய்கள் போலவே இருக்கும், அவற்றை மூன்று நான்காகச் சேர்த்துக் கட்டினால் எடுப்பாகத் தெரியும். சிவப்புக்குக் கோழிக்கொண்டை, ஊதாவுக்கு வாடாமல்லி. இரண்டும் காய்ந்த பிறகும் நிறம் போகாத பூக்கள், தோவாளைச் சந்தையில் கொஞ்சமாகவும் வாங்கலாம். தையல் கடையில் கேட்டால் சிவப்பு வெட்டுத்துணி சும்மாவே தருவார்கள், அதை நாடாவாகக் கிழித்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுவதற்குக் கம்பியை விட வாழைநார் நல்லது. கம்பி முனை கதவருகே ஓடும் பிள்ளைகளின் முகத்தைக் கீறும். எல்லாம் சேர்த்து நூறு ரூபாயைத் தாண்டாது.

சரி, எதைச் சேர்க்கக் கூடாது?

குன்றிமணி. குண்டுமணி என்போம், இந்தப் பக்கம் குன்னிமுத்து என்றும் சொல்வார்கள். பளபளக்கும் சிவப்பு, முனையில் கறுப்பு. வெளிநாட்டு வளையங்களில் வரும் சிவப்புப் பழத்துக்கு இதுதான் சரியான மாற்று என்று கை தானாகப் போகும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைத்துப் பழகியவர்கள் நாம், அதனால் பயமும் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு, ஆமணக்கு விதையிலுள்ள ரைசினின் இனத்தைச் சேர்ந்தது. விதையை முழுசாக விழுங்கினால், கெட்டியான ஓடு உடையாமல் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். கடித்து மென்றால் கதை வேறு, அதிலும் மாலை கோக்க ஓட்டை போட்ட விதை என்றால் நஞ்சு கசிய வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஈடன் ப்ராஜெக்ட் தாவரப் பூங்கா, தன் கடையில் விற்ற குன்றிமணிக் கைச்சரங்களை 2011-இல் இதனால்தான் திரும்பப் பெற்றது.

இதில் பெற்றோர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அப்ரின் உடனே வேலையைக் காட்டாது. பிள்ளை சில மணி நேரம் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும், சில சமயம் ஒரு நாள்கூட. அப்புறம்தான் வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் தொடங்கும். மாற்று மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான். 'நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்தது அரளி. மலிவான பூ, சட்டென்று வாடாது, இலையும் நீளமாக, விறைப்பாக இருக்கும். ஆனால் அந்தச் செடியில் நஞ்சில்லாத பாகமே இல்லை, இலை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் நஞ்சு அது. பொன்னரளியின் காய் இன்னும் மோசம். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. சாமிக்குச் சாத்தும் மாலையை நான் குறை சொல்லவில்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டுக் கதவில் அது வேண்டாம் என்கிறேன்.

முள்ளோடு காய்ந்த ஊமத்தங்காயும் பார்க்க அழகுதான், விடுங்கள். காட்டாமணக்குக் காயும் அப்படியே. அதன் பருப்பைக் கடலை என்று நினைத்துக் கூட்டமாகத் தின்றுவிட்டு வாந்தியோடு வரும் பிள்ளைகளை எங்கள் பிரிவில் பார்க்கிறோம். எருக்கையும் திருகுகள்ளியையும் கிள்ளும்போது தெறிக்கும் பால் கண்ணுக்கு ஆகாது. எருக்கம்பால் பட்டால் சிலருக்கு வலியே இல்லாமல் பார்வை மட்டும் மங்கும், வலி இல்லையே என்று அசட்டையாக இருந்துவிடுவார்கள். உடனே சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். டிசம்பரில் தொட்டியில் விற்கும் சிவப்பு இலைப் பாயின்செட்டியாவைப் பற்றித்தான் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். அதன் பால் அரிப்பைத் தரும், கொஞ்சம் வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான்.

ஒருவேளை பிள்ளை எதையாவது கடித்துவிட்டால், உப்புக் கரைசல், புளிக் கரைசல், சாணிக் கரைசல் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே இன்னொரு ஆபத்து. வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, 108-ஐ அழையுங்கள். தின்ற காயையோ இலையையோ கையோடு கொண்டு வாருங்கள், குறைந்தது படமாவது எடுத்து வாருங்கள். என்ன நஞ்சு என்று தேடுவதில் போகும் நேரம் எங்களுக்கு மிச்சமாகும்.

வளையத்தில் விளக்குச் சரம் சுற்றுகிறவர்கள் பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள். மலிவான சரங்களில் காசு போன்ற பட்டன் பேட்டரி இருக்கும். மூடியில் திருகாணி இல்லாத சரத்தை வாங்கவே வேண்டாம். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் திசுவை எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, விழுங்க முடிந்தால் மட்டும், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

பனிக்காக ஒட்டும் தெர்மோகோல் உருண்டைகளும் வேண்டாம், அவை மூக்குக்குள் போய்ச் சேரும். மெழுகுவத்தியும் அகல் விளக்கும் காய்ந்த வைக்கோலுக்கு அருகில் இருக்கக் கூடாது. கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைக்கும் வீடென்றால் அது முடிந்த பிறகே வளையத்தை மாட்டுங்கள்.

பொங்கலுக்குள் கழற்றும்போது வளையத்தை அப்படியே தெருவில் எறிய வேண்டாம். துணி நாடாவையும் விளக்குச் சரத்தையும் பிரித்து எடுத்துவிட்டு மற்றதை உரக்குழியில் போடலாம். இதையெல்லாம் படித்த பிறகும் யாராவது அரளி சேர்த்துக் கட்டியிருந்தால், ஆடு மாடு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள்.