விண்டர் ஏல் இனிக்கும், சர்க்கரை இறங்கும்

“நல்லா இனிப்பா இருந்துச்சு டாக்டர். சர்க்கரை ஏறிடுமேன்னு ராத்திரி ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கிட்டேன்.”

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் போன வாரம் என்னிடம் சொன்னது இது. இந்தக் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் இவர். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், விவரம் தெரிந்தவர். அவருக்கே இப்படி என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போய் இறங்கிய இரண்டாம் நாள் மாலை மாப்பிள்ளை அவரை வெளியே அழைத்துப் போயிருக்கிறார். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் விண்டர் ஏல், அதாவது ஒரு வகை பியர், என்று ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம்) வாங்கிக் கொடுத்திருக்கிறார். செம்பழுப்பு நிறம், டாஃபியும் உலர்திராட்சையும் சேர்ந்த மாதிரி ஒரு மணம், கசப்பு அதிகம் தெரியாத வழவழப்பு. அதைச் சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. பிடித்துப்போய் இன்னொரு பைன்ட். வயிறு நிறைந்துவிட்டது, இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். குளிரில் அரை மணி நேரம் நடந்தே வீடு வந்திருக்கிறார்கள். படுக்கும் முன் குளுக்கோமீட்டர் 214 காட்டியது. உடனே சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இன்னொன்று.

விடியற்காலை நாலரைக்கு அவர் மனைவி விழித்தபோது இவருடைய பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது, மகளைத் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “பழக்கமில்லாம குடிச்சது இன்னும் தெளியல, தூங்கட்டும்” என்று போர்த்திவிட்டிருக்கிறார்கள். மகளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தாள். 38.

இனிப்பாக இருப்பதால் சர்க்கரை ஏறும் என்ற இந்த எண்ணத்தை எத்தனை முறை மறுத்தாலும் போகமாட்டேன் என்கிறது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, சில வகைகளை நிறம் மாறும்வரை வறுத்து எடுப்பதுதான் மால்ட். வெந்நீரில் ஊறும்போது அதன் மாவுச்சத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் கொஞ்சம் மிஞ்சும், வறுத்த மால்ட்டின் மணமும் கூட நிற்கும். உங்கள் நாக்கு இனிப்பு என்று சொல்வது இதைத்தான். மற்ற ஏலை விட விண்டர் ஏலுக்கு மால்ட் அதிகமாகப் போடுவார்கள். மால்ட் அதிகம் என்றால் ஈஸ்ட்டுக்குத் தீனி அதிகம், ஆல்கஹாலும் அதிகம். அந்த வலிமையை நாக்குக்குத் தெரியாமல் மறைப்பதும் அதே மால்ட்தான்.

மிஞ்சிய மாவுச்சத்து முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். மீட்டரில் தெரிந்த 214 அதுதான். பொய்யில்லை. ஆனால் அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால், பின்னிரவில் வரப்போகும் இறக்கத்தை நீங்களே ஆழமாக்குகிறீர்கள். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல். ஆல்கஹால் உள்ளே வந்தால், புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் அதன் வேலை முடங்கிவிடும். கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரை இருக்கும்வரை தாங்கும். இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்து, நடக்கவும் நடந்தவருக்கு அந்தச் சேமிப்பு எவ்வளவு இருக்கும்? கிளிமிபிரைடு, கிளைக்கிளசைடு, இன்சுலின் எல்லாம் கல்லீரலின் நிலைமை பார்த்துச் சர்க்கரையை இறக்குவதை நிறுத்திக்கொள்ளாது.

“பியர்தானே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. விண்டர் ஏல் பல 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். 7 சதவீத ஏல் ஒரு பிரிட்டிஷ் பைன்ட், அதாவது 568 மில்லி, குடித்தால் உள்ளே போவது சுமார் 40 மில்லி தூய ஆல்கஹால். 30 மில்லி விஸ்கி மூன்று பெக் குடித்ததற்குச் சமம். கிராமில் சொன்னால் 31. கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கழிக்கும். இரண்டு பைன்ட் குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தவருடைய கல்லீரல் நாலரை மணிக்கும் அதே வேலையில் இருந்திருக்கலாம்.

குளிருக்கு இதம் என்பதும் தோலுக்கு மட்டும்தான். தோலின் ரத்தக்குழாய் விரிவதால் சூடு தெரிகிறது, உடம்பின் உள்சூடு வெளியே போகிறது.

குடும்பத்தாரிடம் கெஞ்சியே கேட்கிறேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் குடித்த பிறகு உளறினாலோ, வியர்த்தாலோ, தள்ளாடினாலோ, போதை என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். தாழ்சர்க்கரையும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். வாயில் வரும் வாடை உங்களை ஏமாற்றும், சில நேரம் எங்களையும் ஏமாற்றும். குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி கையில் இருந்தால் போடுங்கள். ஆனால் அது கல்லீரலின் சேமிப்பைத்தான் அவிழ்த்துவிடும், சேமிப்பு தீர்ந்தவருக்குச் சரியாக வேலை செய்யாது. அதனால் ஊசி போட்டாயிற்று என்று ஆம்புலன்ஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாப்பிடாமல் குடித்தால், ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் கூடும் ஆபத்தும் உண்டு. மெட்ஃபார்மின் எடுக்கும் சிறுநீரக நோயாளிகள் மதுவின் பக்கமே போக வேண்டாம்.

பயணத்துக்கு முன் எங்களிடம் வாருங்கள். நேர வித்தியாசத்துக்கு இன்சுலினை எப்படி மாற்றுவது என்று கேட்கிறவர்கள், குடிப்பதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. திட்டுவேன் என்ற பயம். மறைத்துவிட்டுப் போய்க் குடிப்பதை விட நேராகக் கேளுங்கள்.

அவர் கேட்டார். அடுத்த டிசம்பரில் பேத்தி பிறந்தநாளுக்குப் போகிறாராம், அந்த ஏலை இனித் தொடவே கூடாதா என்று. தொடாமல் இருந்தால் எனக்கு நிம்மதி என்றேன். கேட்கமாட்டார் என்று தெரியும். அதனால் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்: அரை பைன்ட்டுக்கு மேல் இல்லை, சாப்பாட்டோடு மட்டும், மாத்திரையைக் கூட்டக் கூடாது, படுக்கும் முன் ஒரு முறையும் மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு முறையும் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டைப் படம் எடுத்து, என் எதிரிலேயே மகளுக்கு அனுப்பச் சொன்னேன்.