அஸ்டானிஷ்ட்: இடியிலிருந்து வந்த வியப்பு

‘அஸ்டானிஷ்ட்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்குப் பலரும் ‘ஆச்சரியமடைந்த’ என்று எழுதுகிறார்கள். ‘சர்ப்ரைஸ்ட்’ என்பதற்கும் அதே சொல்தான். ஆனால் இரண்டின் எடையும் வேறு. சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நின்றால் சர்ப்ரைஸ்ட். நம்பவே முடியாமல் ஒரு கணம் பேச்சற்றுப் போனால்தான் அஸ்டானிஷ்ட்.

அந்த எடை வேரிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘டோனாரே’ என்றால் இடி இடித்தல். அதிலிருந்து கிளைத்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஸ்டன்’, ‘அஸ்டவுண்ட்’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள். தொடக்கத்தில் இச்சொல்லுக்கு அதிர்ச்சியில் உணர்விழந்து நிற்றல் என்ற பொருளே முந்தி நின்றது. வியப்பு பிறகு மேலோங்கியது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், அரசனின் கனவைக் கேட்ட தானியேலின் நிலைக்கு இதன் பழைய வடிவம் வருகிறது. தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் ‘திகைத்து’ என்கிறது. அருமையான தேர்வு அது.

தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடக் கூடாது. எதனால் வந்த வியப்பு என்று பார்க்க வேண்டும். மருத்துவமனை பில்லின் தொகையைக் கண்டவர் மலைத்துப்போகிறார். நம்பியவரே குற்றத்தை ஒப்புக்கொண்டால் திகைத்துப்போகிறோம். சிறுமியின் வயலின் வாசிப்பைக் கேட்டவர்கள் வியந்துபோகிறார்கள், பேச்சுவழக்கில் அசந்துபோகிறார்கள். வியத்தலில் பாராட்டும் கலந்திருக்கிறது. ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்ற புறநானூற்று வரியில் அது இகழ்தலுக்கு எதிர்நிலையில் நிற்பதைக் கவனியுங்கள். ஆகவே கசப்பான செய்திக்கு ‘வியந்தேன்’ பொருந்தாது.

தொல்காப்பியம் இவ்வுணர்வை மருட்கை என்று எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், ஒன்றாக வைத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு காரணம் சொல்கிறது. மிகச் சிறியதைக் கண்டும் வியக்கலாம் என்ற நுட்பம் அதில் உண்டு. ஆனால் அதே வேரிலிருந்து வரும் ‘மருட்சி’ என்றால் இன்று மிரட்சி, மயக்கம் என்றே படிப்பவர் கொள்வார்.

ஆங்கிலத்தில் எழுதும்போது அதிகம் நேரும் பிழை, வியந்தவருக்கு ‘அஸ்டானிஷிங்’ என்று போடுவது. அது வியப்பூட்டும் பொருளுக்கு உரியது; வியந்த ஆளுக்கு அஸ்டானிஷ்ட். அதன்பின் ‘அட்’ அல்லது ‘பை’ வரும். சொல்லிலேயே மிகுதி இருப்பதால் முன்னால் ‘வெரி’ சேர்த்தால் இயல்பாக ஒலிக்காது. அழுத்தம் இரண்டாம் அசையில். இறுதியை ‘ஷெட்’ என்று நீட்டாமல் ‘ஷ்ட்’ என்று முடிக்க வேண்டும்.