அம்மாவின் வாட்ஸ்அப் ஏன் ஐபோனுக்குள் வரவில்லை?

அண்ணன் புது போன் வாங்கியதும் தன் பழைய ஐபோனை, அதுவரை ஆண்ட்ராய்டு வைத்திருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டான். மேற்கு மாம்பலம் வீட்டில் அன்று சாயங்காலமே சிம்மை மாற்றினோம், வாட்ஸ்அப் போட்டோம், ஓடிபி வந்தது, குரூப்புகளும் வரிசையாக வந்து நின்றன, உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை. பெரியம்மா வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்த வத்தக்குழம்பு பக்குவம் உட்பட ஆறு வருஷத்துப் பேச்சு காணோம். "கூகுள்ல பேக்கப் இருக்குன்னு சொன்னியேடா" என்றார் அம்மா. இருந்தது. அதுதான் சிக்கலே.

வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் சர்வருக்குத் தபால்காரர் வேலை மட்டும்தான். கொடுத்து முடித்ததும் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும், கொடுக்க முடியாததை 30 நாள் வரை வைத்திருக்கும். ஆக, பழைய பேச்செல்லாம் இருப்பது உங்கள் போனிலும் அதன் பேக்கப்பிலும்தான். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் அந்த பேக்கப்பை கூகுள் கணக்கில் போடுகிறது, ஐபோன் வாட்ஸ்அப் ஐகிளவுடில் தேடுகிறது. கூகுள் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. கோப்பை நாமே எடுத்துக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் இரண்டு செயலிகளும் ஒரே செய்தியைத் தங்கள் தரவுத்தளத்தில் வேறு வேறு விதமாக எழுதி வைக்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. 2022இல் ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாக வாட்ஸ்அப்பை மாற்றும் வசதி வந்தது. ஆனால் ஐபோன் புதிதாகவோ, முழுக்க ரீசெட் செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும், அதாவது முதல்முறை ஆன் செய்யும்போதே இதைச் செய்துவிட வேண்டும். நாங்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் இதைப் படித்தோம். (யார்தான் முன்னாலேயே படிக்கிறார்கள்?) பேக்கப்புக்கு இடமும் பார்க்க வேண்டும்: கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஐகிளவுட் 5 ஜிபி. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் முன்பு அந்த 15இல் சேராது, 2024 முதல் சேருகிறது. காலை வணக்கம் வீடியோக்கள் குவியும் குரூப்பில் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தொலைந்த போனைத் தேடுவதிலும் இதே கதைதான், நம் ஆட்கள் எந்தப் பக்கம் என்பது கணக்காகிறது. இணையம் இல்லாத ஐபோன் புளூடூத்தில், பூட்ட மட்டுமே உதவும் ஒரு டிஜிட்டல் சாவியை மெல்ல ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் ஐபோன் அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை அந்தச் சாவியாலேயே பூட்டி ஆப்பிளுக்கு அனுப்பும். திறக்கும் சாவி உரிமையாளரிடம் மட்டுமே இருப்பதால் ஆப்பிளுக்கே இடம் தெரியாது. கூகுள் இதே மாதிரி வலையை 2024இல் கொண்டுவந்தது, ஆனால் அதன் இயல்பு அமைப்பில் பல ஆண்ட்ராய்டு போன்கள் சேர்ந்து கவனித்தால்தான் இடம் காட்டும், தனியாளைப் பின்தொடர யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக. ரங்கநாதன் தெருவில் அது பிரச்சினையே இல்லை. ஆள் நடமாட்டமில்லாத சந்தில் விழுந்தால் ஒரே ஒரு ஐபோன் கடந்து போனாலும் போதும் என்பது ஆப்பிளின் பலம், ஆனால் அந்த ஒருவர் வர வேண்டுமே, நம்மூரில் பத்துப் பேர் போனால் பெரும்பாலானவர் கையில் ஆண்ட்ராய்டுதான்.

கேமரா, பேட்டரி, விலை எல்லாம் கடையில் கேட்டால் சொல்வார்கள். யுபிஐ இரண்டிலும் ஓடும், தமிழ் விசைப்பலகை ஐபோனில் 2013 முதலே இருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, போன் தகராறு செய்தால் அம்மா யாரிடம் காட்டுவார் என்பதைத்தான். எங்கள் வீட்டில் அது மாடியில் இருக்கும் பெரியம்மா, அவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு.

சிம் மறுபடியும் பழைய போனுக்கே போனது, பேக்கப் கூகுளில் பத்திரமாக இருந்ததால் குரூப்பெல்லாம் நிறைந்துவிட்டது. ஐபோனில் அம்மா இப்போது சுலோகம் கேட்கிறார்.