டிஸ்லெக்சியா: தமிழ்ல இத என்னன்னு சொல்லலாம்?

என் சித்தி பையன் பத்து வயசுல தாத்தாவோட மளிகைக்கடை கல்லாவுல உக்காருவான், முக்கா கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ வெல்லம், ரெண்டு சோப்புன்னு யாராவது அடுக்குனா மனசுக்குள்ளயே கூட்டி மீதி சில்லறைய எடுத்து வச்சிருவான். அதே கணக்க புத்தகத்துல வாக்கியமா குடுத்தா முட்டை மார்க். நோட்டுல சிவப்பு மையில "கேர்லெஸ்"னு எழுதி வரும், இல்லன்னா "மூளை இருக்கு, முயற்சி இல்ல"ன்னு வரும்.

ஒரு நாள் பக்கத்துல உக்காந்து கவனிச்சேன். "கொடி"ங்கற வார்த்தையில விரல வச்சு, முன்னாடி நிக்கிற கொம்ப பாத்து "கெ"ன்னான், பின்னாடி நிக்கிற கால பாத்து "கா"ன்னான், திரும்ப முதல்ல இருந்து. வரி முடியறதுக்குள்ள வரி எப்படி ஆரம்பிச்சுதுன்னே மறந்துபோச்சு. சரி குடுடான்னு நான் வாசிச்சேன், கேள்விக்குறிக்கு வர்றதுக்கு முன்னாடி விடை வந்துருச்சு.

இதுக்குத்தான் டிஸ்லெக்சியான்னு பேரு. கிரேக்கத்துல "டிஸ்"னா சிரமம், கெட்டதுன்னு அர்த்தம். நம்ம துர்நாற்றம், துரதிர்ஷ்டத்துல வர்ற "துர்" இருக்குல்ல, அதுக்கு உறவு முறைதான், சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரே குடும்பம். "லெக்சிஸ்"னா பேச்சு, சொல். இங்கதான் ஒரு வேடிக்கை. கிரேக்கத்துல "லெகெய்ன்"னா பேசுறது, லத்தீன்ல "லெகெரெ"ன்னா வாசிக்கிறது. பேரு வச்சவங்க ரெண்டையும் குழப்பிக்கிட்டாங்க போல, நேரா கிரேக்கத்துலயே அர்த்தம் எடுத்தா "பேச்சுச் சிரமம்"னுதான் வரும். வாசிப்புப் பிரச்சனைக்கு வச்ச பேருலயே வாசிப்புப் பிழை!

இந்த வார்த்தைய புழக்கத்துக்கு கொண்டுவந்தவர் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல இருந்த கண் டாக்டர் ருடால்ஃப் பெர்லின், 1887ல. ஆனா அவர் சொன்னது மூளையில அடிபட்டோ நோய் வந்தோ வாசிக்கிற திறமைய இழந்த பெரியவங்கள பத்தி. அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே, 1877ல, குஸ்மவுல்ங்கற இன்னொரு ஜெர்மன் டாக்டர் "சொற்குருடு"ன்னு ஒரு பேரு வச்சிருந்தார். எழுத்த கண்ணுன்னு சொல்ற நம்ம ஊருல அந்தப் பேரு வந்திருந்தா பசங்க என்ன பாடுபட்டிருப்பாங்களோ. குழந்தைங்க பக்கம் பேச்சு திரும்புனது 1896ல, இங்கிலாந்து டாக்டர் பிரிங்கிள் மார்கன் எழுதின ஒரு சின்ன கட்டுரையால. 14 வயசு பையன், பெர்சிங்கற தன் பேரையே "பிரெசி"ன்னு எழுதுறான், ஆனா கணக்குல கில்லாடி. படிப்பு மொத்தமும் வாய்மொழியாவே நடந்தா ஸ்கூல்லயே இவன்தான் புத்திசாலின்னு வாத்தியார் சொன்னாராம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, என் தம்பி நோட்டுல இன்னும் "கேர்லெஸ்".

எழுத்து தலைகீழா தெரியும்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது இல்ல. கண்ணுல கோளாறு கிடையாது, அறிவுலயும் கிடையாது. பேச்ச தனித்தனி ஒலியா பிரிச்சு அந்த ஒலிய எழுத்தோட ஒட்டுறதுலதான் பெரும்பாலும் சிக்கல். தமிழ்ல எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நேர் கணக்கு இருக்கறதால பையன் தட்டுத்தடுமாறியாவது ஓட்டிருவான், வேகம்தான் இருக்காது. இங்கிலீஷ்ல ஒரே "யு" ஒரு இடத்துல "பட்"னும் இன்னொரு இடத்துல "புட்"னும் வரும், அங்க மொத்தமா படுத்துருவான். உடனே இங்கிலீஷ் டியூஷன் வைப்பாங்க, அங்கயும் அதே புத்தகம், அதே வாசிப்பு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? பேப்பர்லயும் அரசாங்கத்துலயும் "கற்றல் குறைபாடு"ன்னு எழுதுறாங்க. அது பெரிய குடை. எழுதுறதுல வர்ற டிஸ்கிராஃபியா, கணக்குல வர்ற டிஸ்கால்குலியா எல்லாமும் டிஸ்லெக்சியாவோட சேர்ந்து அதுக்குள்ளதான் நிக்குது. அதுவுமில்லாம கேட்டா டக்குனு கத்துக்கற பையன போய் கத்துக்கறதுல குறைன்னா எப்படி? "வாசிப்புக் குறைபாடு" பரவால்ல, இடம் சரியா காட்டுது, ஆனா "குறை" அவன் மேலயே ஒட்டிக்குது. இலங்கைப் பக்கம் "கற்றல் இடர்ப்பாடு"ன்னு எழுதுறாங்க, அந்த "இடர்" எனக்கு பிடிச்சிருக்கு. இடர்னா துன்பம், போற வழியில குறுக்க வர்றது, நடக்கறவன் நொண்டின்னு அது சொல்லல. "டிஸ்"ஸுக்கும் சரியா பொருந்துது. அதனால என் ஓட்டு "வாசிப்பிடர்"க்குத்தான்.

ஒரு விஷயம், சர்டிபிகேட்டுல போய் இந்த சண்டைய போட்டுறாதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு, நம்ம ஊரு பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதலா வாங்கணும்னாலும், சொல்றத எழுத ஆள் வேணும்னாலும், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு வேணும்னாலும் அந்தப் பேருல இருக்குற காகிதம்தான் செல்லும். தம்பிக்கும் அதுதான் வாங்குனோம். சித்தி அத பீரோவுல புடவைக்கு அடியில வச்சிருக்காங்க, பரீட்சை வந்தா மட்டும் வெளிய எடுப்பாங்க.