ஜெர்ரிமாண்டரிங்: தொகுதி மறுவரையறை இல்லை, தொகுதி வளைப்பு

அமெரிக்காவின் டெக்சாஸில் 2025 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளின் எல்லையை மாற்றி வரைந்தார்கள். குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஒரு கட்சிக்கு ஆதாயமாக இப்படி எல்லையை வரைவதை ஆங்கிலத்தில் ஜெர்ரிமாண்டரிங் என்கிறார்கள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் ‘தொகுதி மறுவரையறை’ என்று போட்டுவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

சொல் பிறந்த கதை சின்னது. மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி 1812 பிப்ரவரியில் தன் கட்சிக்கு வாகான தொகுதி எல்லைகளுக்குக் கையெழுத்துப் போட்டார். எசெக்ஸ் வட்டாரத் தொகுதி ஒன்று செல்சியில் தொடங்கி, ஆண்டோவர், ஹேவர்ஹில் என்று சுற்றிக்கொண்டு சாலிஸ்பரியில் போய் முடிந்தது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அந்த வரைபடத்துக்கே தலை, நகம், இறக்கை வரைந்து மார்ச்சில் வெளியிட்டது. பல்லி போன்ற சாலமண்டரோடு கெர்ரியின் (Gerry) பெயர் ஒட்டிக்கொண்டு ஜெர்ரிமாண்டர் ஆனது. அந்த ஆண்டு மாநில மேலவையின் 40 இடங்களில் 29 அவர் கட்சிக்குப் போயின. ஓட்டு அதிகம் வாங்கியது எதிர்க்கட்சி.

மறுவரையறை என்பது சட்டப்படி நடந்தே ஆக வேண்டிய வேலை. மக்கள்தொகை மாறினால் எல்லையும் மாறத்தான் வேண்டும். இந்தியாவில் அதற்கென்றே 1952, 1963, 1973, 2002 என நான்கு முறை ஆணையம் அமைத்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது நடக்கும் வாக்குவாதம் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது பற்றி. ஜெர்ரிமாண்டரிங் அந்த எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களை ஒரே தொகுதிக்குள் திணிப்பார்கள், அல்லது நாலு தொகுதிக்குச் சிதறடிப்பார்கள்; எப்படியும் அந்தக் கட்சி ஜெயிக்கும் இடம் குறையும். மறுவரையறை, ஜெர்ரிமாண்டரிங் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், செய்தவனின் சூழ்ச்சி வெறும் அலுவலக வேலையாகத் தெரியும். ‘எல்லைச் சீரமைப்பு’ இன்னும் மோசம். இதில் சீர் எங்கே இருக்கிறது? சரி, ‘தொகுதி மோசடி’ என்று சொன்னால் என்ன குறை என்பார்கள். அதைக் கேட்டால் கள்ள ஓட்டுதான் நினைவுக்கு வரும். இங்கே ஒவ்வொரு ஓட்டும் ஒழுங்காகவே எண்ணப்படுகிறது. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுகிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

‘தொகுதி வளைப்பு’ என்பதே பொருத்தம். நிலத்தை வளைத்துப் போட்டான் என்கிறோமே, அந்த வளைப்பு. கோணலாக வளைந்த எல்லையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வினைச்சொல்லும் தயாராக இருக்கிறது: தொகுதியை வளைத்தார்கள்.

பயன்படுத்திப் பாருங்கள்: ‘கட்சி ஆதாயத்துக்கான தொகுதி வளைப்பில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் கைவிரித்தது.’ இதே இடத்தில் வெறுமனே மறுவரையறை என்று எழுதினால், தொகுதி எல்லை விஷயத்தையே அந்த நீதிமன்றம் கைகழுவிவிட்டது போலாகும். ஆனால் இனத்தை வைத்து வரைந்த வட கரோலினாத் தொகுதிகள் இரண்டு செல்லாது என்று 2017இல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.