போர்ட்ரெய்ட்டுக்கு மீடியம் ஃபார்மட்: கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு

போர்ட்ரெய்ட்டைத் தொழிலாக எடுத்துக்கொண்ட இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, மீடியம் ஃபார்மட்டுக்கு, அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவுக்கு, மாறலாமா என்பது. கேட்கும்போதே பாதி முடிவெடுத்திருப்பார்கள். கையில் நல்ல ஃபுல் ஃப்ரேம் பாடியும் ஒரு 85 மி.மீ. லென்ஸும் இருக்கும். இரண்டையும் விற்று, மேலே கடன் வாங்கி மாறப்போகிறேன் என்பார்கள். எதற்கு என்று கேட்டால் வரும் முதல் பதில், "பேக்ரவுண்ட் இன்னும் நல்லா கரையும்ல!" அந்த ஒரு காரணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ. மீடியம் ஃபார்மட்டில், ஃபுஜிஃபில்மின் ஜிஎஃப்எக்ஸ் வரிசையிலும் ஹாசல்பிளாடின் எக்ஸ் வரிசையிலும் இருப்பது 43.8 × 32.9 மி.மீ. பரப்பளவில் சுமார் 1.7 மடங்கு. ஃபேஸ் ஒன்னின் 150 மெகாபிக்சல் டிஜிட்டல் பேக்கில் (கேமராவின் பின்புறம் பொருத்தும் பகுதி) சென்சார் 53.4 × 40 மி.மீ., கிட்டத்தட்ட 2.5 மடங்கு. மாமியா ஆர்பி67 போன்ற ஃபிலிம் கேமராக்களின் 6×7 ஃப்ரேமோ நான்கரை மடங்கு. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்து மயங்கி இன்றைய 1.7 மடங்கு சென்சாரை வாங்குகிறவர், எதிர்பார்த்தது கிடைக்காமல் ஏமாறுவார்.

இப்போது பின்னணி மங்கலுக்கு வருவோம். லென்ஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது, ஒளி நுழையும் துவாரத்தின், அதாவது அப்பர்ச்சரின், விட்டம். ஒரே தூரத்தில் நின்று ஒரே ஃப்ரேமிங்கில் எடுக்கும்போது பின்னணி எவ்வளவு கரையும் என்பதை இந்த விட்டம்தான் தீர்மானிக்கிறது. ஜிஎஃப்எக்ஸுக்கு உள்ள 110 மி.மீ. எஃப்/2, போர்ட்ரெய்ட்டுக்கென்றே பலரும் வாங்கும் லென்ஸ். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 87 மி.மீ. பார்வை தரும். 110ஐ 2ஆல் வகுத்தால் 55. உங்களிடம் உள்ள 85 மி.மீ. எஃப்/1.4இல் அது சுமார் 61. எஃப்/1.2 என்றால் 71. ஆக, எந்த லென்ஸை விற்றுவிட்டு மாற நினைக்கிறீர்களோ, பின்னணியை அதிகம் கரைப்பது அதுதான்! 85 மி.மீ. எஃப்/1.8 வைத்திருப்பவருக்கு 47 வரும். அவருக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. ஆனால் எஃப்/1.4 லென்ஸ் ஒன்றை வாங்கினாலே அந்த லாபமும் வந்துவிடும்.

முகத்தின் வடிவமும் அப்படித்தான். மூக்கு பெரிதாகத் தெரிவதும், காது பின்னால் போவதும், முகம் தட்டையாவதும் நீங்கள் நிற்கும் தூரத்தைப் பொறுத்தவை. ஒன்றரை மீட்டரில் நின்றால் எந்த சென்சாரிலும் முகத்தின் அமைப்பு ஒன்றுதான்.

சரி, அப்படியென்றால் மாறுவதில் பயனே இல்லையா? இருக்கிறது. நானே பெரிய சென்சாரை விரும்பி எடுத்துப்போகும் வேலைகள் உண்டு.

அதிகம் பேசப்படாத ஒன்று, படத்தின் விகிதம். ஃபுல் ஃப்ரேம் 3:2, மீடியம் ஃபார்மட் 4:3. போர்ட்ரெய்ட் பிரிண்ட்டில் 8 × 10, 16 × 20 என்று 4:5 விகிதம்தான் நிறையப் போகிறது. 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தை 4:5க்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 50. 102 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் படத்தை வெட்டினால் 95 நிற்கிறது. நெட்டுக்குத்தாக ஒருவரை உட்காரவைத்து எடுக்கும்போது தலைக்கு மேல் வீணாகும் இடமும் குறைகிறது. ஃப்ரேமுக்குள் ஆளை வைக்கும் யோசனையே மாறிவிடும். எனக்கு இது ரொம்பப் பிடித்த மாற்றம்.

அடுத்தது டோன். 102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸிலும் சோனி ஏ7ஆர் 4இலும் ஒரு பிக்சலின் அளவு ஒன்றே, 3.76 மைக்ரான். பிக்சலுக்குப் பிக்சல் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரே அளவில் பிரிண்ட் போடும்போது மொத்தமாகச் சேர்ந்த ஒளி அதிகம் என்பதால், முக்கால் ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறை, குறையும். ஸ்டுடியோவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100இல் சரியாக எக்ஸ்போஸ் செய்த படத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கருமையான சருமத்தை, ஒரு பக்கம் நிழல் விழும்படி ஒளியமைத்து எடுத்து, பிறகு அந்த நிழலைத் தூக்கும்போதுதான் தெரியும். கன்னத்தின் நிழலில் சேறு படியாமல், நிறம் நிறமாகவே நிற்கும். கருமையான சருமத்தை இன்னும் பலர் சோம்பேறித்தனமாக வெளுப்பாக்கித் தருகிறார்கள். அது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். அந்த நிறத்தை அதன் ஆழத்தோடு பெரிய பிரிண்ட்டில் கொண்டுவர நினைப்பவருக்குப் பெரிய சென்சார் உண்மையிலேயே உதவும். அதற்கும் முன்னால் ஒளியமைப்பு சரியாக இருக்க வேண்டும்.

பிரிண்ட் என்றேன் இல்லையா, அங்கேதான் முடிவு இருக்கிறது. 24 மெகாபிக்சல் படமே அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 20 × 13 அங்குலம் போகும். 102 மெகாபிக்சல் என்றால் கிட்டத்தட்ட 39 × 29 அங்குலம். சுவர் அளவுக்கு, கிட்டே வந்து பார்க்கும்படியான பிரிண்ட்டை விற்கிறவரா நீங்கள்? அப்போது யோசிக்கலாம். படங்கள் எல்லாம் ஃபோன் திரையில்தான் பார்க்கப்படுகின்றன என்றால், அந்த பிக்சல்களில் பெரும்பகுதியை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஃப்ளாஷ் வைத்து வெளியில் எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் ஷட்டர் பாடிக்குள் இருக்கிறது. ஃப்ளாஷ் சிங்க், அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/125 நொடி. பல ஃபுல் ஃப்ரேம் கேமராக்களின் 1/200, 1/250ஐவிட இது குறைவு. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 என்றால் அப்பர்ச்சர் எஃப்/16க்குப் போய்விடும், பின்னணி கரையாது. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலான லென்ஸ்களில் 1/2000 வரை சிங்க் ஆகும். அதே வெயிலில் எஃப்/4இல் எடுக்கலாம். இந்த வசதி ஷட்டரால் வருவது, சென்சார் அளவால் அல்ல. இது தெரியாமல் தவறான பாடியை வாங்கிவிட்டு ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபோகஸும் மன்னிக்காது. 110 மி.மீ. லென்ஸை எஃப்/2இல் வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் மூன்று செ.மீ.க்கும் குறைவு. முகம் சற்றுத் திரும்பினால் ஒரு கண் போய்விடும். எஃப்/4, எஃப்/5.6இல் வேலை செய்யப் பழகுங்கள். கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகத்தையும் வழக்கத்தைவிடக் கூட்டுங்கள்.

அப்புறம், எதிரில் உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடக் கூடாது. 100 மெகாபிக்சலில் சருமத்தின் ஒவ்வொரு துளையும், மேக்கப்பின் ஒவ்வொரு திட்டும் தெரியும். ஷூட் நடக்கும்போது திரையில் 100 சதவீதம் பெரிதாக்கி அவரிடம் காட்டாதீர்கள். அதைப் பார்த்த நொடியில் முகம் இறுகிவிடும். அதன் பிறகு அன்றைக்கு நல்ல படம் கிடைப்பது சிரமம். ரீடச் நேரமும் கூடும். கூடுதல் நேரத்துக்குக் கட்டணம் சேர்க்காவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். 16 பிட்டில் சுருக்காத ஒரு ரா ஃபைல் (கேமரா தரும் பதப்படுத்தாத கோப்பு) சுமார் 200 மெகாபைட். ஐந்நூறு படம் எடுத்தால் 100 ஜிகாபைட், பேக்கப்போடு சேர்த்து 200. கணினியும் ஹார்ட் டிஸ்கும் பட்ஜெட்டில் இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால் வாடகைக்கு எடுங்கள். ஒரே ஆள், ஒரே ஒளி, ஒரே தூரம். பின்னணி மங்கல் ஒன்றாக வரும்படி அப்பர்ச்சரைச் சரிசெய்து இரண்டு கேமராவிலும் எடுங்கள். மீடியம் ஃபார்மட்டில் எஃப்/4 வைத்தால் ஃபுல் ஃப்ரேமில் எஃப்/3.2 சரியாக இருக்கும். நீங்கள் வழக்கமாக டெலிவரி செய்யும் அளவில், வழக்கமாகப் போடும் லேபிலேயே பிரிண்ட் போடுங்கள். எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் உங்கள் பழைய வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் காட்டுங்கள். அவர்களும் நீங்களும் தயங்காமல் ஒன்றையே எடுத்து, அது மீடியம் ஃபார்மட்டாகவும் இருந்தால், லென்ஸ் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடத் தொடங்கலாம்.