படத்தைப் பார்க்காமலே படத்தைப் பிடிப்பது எப்படி?

இன்ஸ்டாகிராமில் நான்கு நாள் முன்பு அறிமுகமான ஒரு "பெண்ணுக்கு" பதினைந்து வயதுப் பையன் தன் அந்தரங்கப் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறான். சில நிமிடங்களில் பதிலுக்கு மூன்று வரும்: அவனைப் பின்தொடர்பவர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், ஒரு தொகை, ஒரு யுபிஐ ஐடி. பணம் வராவிட்டால் பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் படம் போகும் என்பது மிரட்டல். பெயரும் தொகையும் மாறும். மற்றபடி இந்த மோசடி எங்கும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

பதறிப்போன பிள்ளை முதலில் செய்வது தன் போனில் இருக்கும் படத்தை அழிப்பது. இயல்புதான். ஆனால் அதனால் மிரட்டுபவனிடம் இருக்கும் பிரதி அழியப்போவதில்லை. மாறாக, அந்தப் படம் சமூக வலைத்தளங்களில் ஏறாமல் தடுக்கும் ஒரு கருவிக்குத் தேவையான மூலம் கையை விட்டுப் போகிறது.

அந்தக் கருவியின் பெயர் டேக் இட் டவுன். அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்காக 1984 முதல் இயங்கும் தேசிய மையம் (சுருக்கமாக என்சிமெக்) 2023 பிப்ரவரியில் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 18 வயது நிறைவதற்கு முன் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கு இது. வெளிநாட்டிலிருந்தும், பெயர் சொல்லாமல், செலவில்லாமல் பயன்படுத்தலாம். 18 வயதுக்குப் பிறகு எடுத்த படம் என்றால் பிரிட்டனிலிருந்து இயங்கும் ஸ்டாப்என்சிஐஐ. அது 2021 டிசம்பரில் வந்தது. இரண்டிலுமே படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படம் போனிலேயே இருக்கும். யாரும் பார்க்காத படத்தை ஃபேஸ்புக் எப்படி அடையாளம் காணும் என்பதுதான் இதில் சுவாரசியமான கேள்வி.

கோலத்துக்கு ஒரு கைரேகை

போனிலிருந்து வெளியே போவது படத்தின் ஹேஷ் மட்டும். கோப்பை ஒரு கணக்குக்குள் போட்டால் வெளியே வரும் எண் அது. படத்தின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். திட்டத்தில் சேர்ந்த தளங்கள் அந்த ரேகையைத் தங்களிடம் ஏறும் படங்களின் ரேகையோடு ஒப்பிடும். ஆனால் எந்தக் கணக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாசல் கோலத்தை ஒரு படம் எடுத்து எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் போடுவோம். 256 பூஜ்யங்களும் ஒன்றுகளும் கலந்த ஒரு வரிசை வரும். அதே கோப்பை உலகில் யார் போட்டாலும் அதே வரிசைதான். ஆனால் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை இம்மியளவு மாற்றிப் போட்டால், வரிசையில் ஏறக்குறைய பாதி இடங்கள் புரண்டுவிடும். வங்கிப் பரிமாற்றத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதிசெய்ய இந்தக் குணம்தான் வேண்டும். படம் தேட இது உதவாது. வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பினாலே படம் சுருங்கிப் புதுக் கோப்பு ஆகிவிடுகிறது. கண்ணுக்கு அதே கோலம். எஸ்ஹெச்ஏவுக்கு அடுத்த தெருக் கோலம்.

ஆகவே கோப்பை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை அளக்கும் ரேகை தேவைப்பட்டது. 2009இல் மைக்ரோசாஃப்டும் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரீத்தும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இந்த வகையில் முன்னோடி. 2019 ஆகஸ்டில் ஃபேஸ்புக் தன்னுடைய பிடிக்யூ என்ற முறையைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் அதையே பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நிறத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. பிறகு படத்தை மெல்ல மங்கலாக்கி 64க்கு 64 கட்டமாகச் சுருக்குகிறது. இந்த அளவில் கோலத்தின் இழைகள் போய்விடும். வெளுத்த நடுப்பகுதி, இருண்ட படிக்கட்டு, ஓரத்தில் செம்மண் பட்டை என்ற அமைப்பு மட்டும் நிற்கும்.

அடுத்து டிசிடி என்ற கணித மாற்றம். ஊர்த் திருவிழாவை நாலு தெரு தள்ளி நின்று கேட்டால் தவில் கேட்கும், ஜால்ரா கேட்காது. தாழ்ந்த அதிர்வு தூரம் தாங்கும். கூர்மையான அதிர்வு வழியிலேயே கரைந்துவிடும். படத்திலும் அப்படித்தான். மெதுவாக மாறும் ஒளி-நிழல் தவில். நுணுக்கமான விளிம்பும் பொரிபொரியான புள்ளியும் ஜால்ரா. வாட்ஸ்அப் சுருக்கும்போது பெரும்பாலும் ஜால்ராவைத்தான் தொலைக்கிறது. பிடிக்யூ தவிலை மட்டும் கேட்கிறது: டிசிடி தரும் எண்களில் தாழ்ந்த பகுதியிலிருந்து 16க்கு 16, அதாவது 256 எண்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது.

கடைசி அடி ரொம்ப எளிது. அந்த 256 எண்களின் நடுமதிப்பைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0. முடிந்தது. எட்டு இடம் ஒரு பைட் என்பதால் ரேகையின் அளவு 32 பைட். மூன்று எம்பி படத்திலிருந்து 32 பைட் என்றால், ஒரு அரிசி மூட்டையிலிருந்து விரல்நுனியில் ஒட்டும் சில மணிகளை மட்டும் எடுத்திருக்கிறோம்.

ஒப்பிடும்போது இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்று எண்ணுவார்கள்.

1 0 1 1 0 0 1 0
1 0 1 0 0 0 1 0

இந்த எட்டில் வேறுபாடு ஒன்று. சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களின் 256 இடங்களில் சராசரியாக 128 வேறுபடும்; நாணயம் சுண்டுவது போன்ற கணக்கு. அந்தச் சராசரியிலிருந்து வழக்கமான ஏற்ற இறக்கம் 8 இடம்தான். பிடிக்யூவுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை 31. வேறுபாடு 31 அல்லது அதற்குள் என்றால் ஒரே படம். 128க்கும் 31க்கும் இடையே இருக்கும் அந்தப் பெரிய பள்ளம்தான் இந்த முறையின் பலம்: தற்செயலாக அவ்வளவு நெருங்குவது மிக அரிது. ஒரே நிறமாக இருக்கும் வெற்றுச் சுவர்ப் படத்துக்கு ரேகை சரியாக விழாது. அதனால் ஒவ்வொரு ரேகையோடும் 100க்கு இத்தனை என்று ஒரு தர மதிப்பெண்ணும் வரும். 50க்குக் குறைந்தால் நம்ப வேண்டாம் என்பது வழக்கம்.

எங்கே தவறும்

"ரேகையிலிருந்து படத்தைத் திரும்ப வரவழைக்கவே முடியாது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். 32 பைட்டிலிருந்து முகம் வராது, சரி. ஆனால் ஃபோட்டோடிஎன்ஏவின் ரேகை 144 பைட். அதிலிருந்து மங்கலான உருவம் ஒன்றைத் தேற்ற முடியும் என்று 2021இல் செய்துகாட்டியிருக்கிறார்கள். ரேகைப் பட்டியல்களையும் பூட்டி வைப்பது அதனால்தான்.

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைத் தேட, ஐபோனுக்குள்ளேயே ரேகை பார்க்கும் திட்டத்தை ஆப்பிள் 2021 ஆகஸ்டில் அறிவித்தது. சில வாரங்களுக்குள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு படங்கள் அதன் கணக்கில் ஒரே ரேகை தரும்படி செய்து காட்டிவிட்டார்கள். கூடவே, அரசுகள் நாளைக்கு வேறு படங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி. 2022 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவர் தானே கொடுக்கும் ரேகை ஒரு வகை. எல்லோர் போனையும் துழாவும் ரேகை வேறு வகை.

ரேகை பொருந்தினால் தளம் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதில்லை. தன் விதியை மீறுகிறதா என்று பார்த்துத்தான் நீக்கும். பட்டியலில் இல்லாத புதுப் படத்தை ரேகையால் கண்டுபிடிக்கவும் முடியாது. அதற்குச் செயற்கை அறிவு வகைப்படுத்திகள் இருக்கின்றன, அவை வேறு விதமாகத் தவறும். மருத்துவர் கேட்டதற்காகக் குழந்தையின் உடலைப் படமெடுத்த ஓர் அமெரிக்கத் தந்தையின் கூகுள் கணக்கு மூடப்பட்ட செய்தி 2022இல் வந்தது. போலீஸ் அவர்மேல் குற்றமில்லை என்றது. கணக்கு அப்போதும் திரும்பவில்லை.

பெரிய ஓட்டை வாட்ஸ்அப். அங்கே செய்தி முனைக்கு முனை பூட்டப்பட்டுப் போவதால், வழியில் ரேகை பார்க்க ஆளில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்று இந்தத் திட்டத்தில் சேர்ந்த தளங்களின் பூட்டப்படாத பகுதிகளில் மட்டும்தான் டேக் இட் டவுன் வேலை செய்யும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் படம் விழுந்துவிட்டால் அங்கேயே புகார் செய்யும் பொத்தானும் போலீஸும்தான்.

கையில் எடுத்தால்

முதலில், படம் பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும். அழித்தாயிற்றா? ஐபோனில் "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த படம் குப்பைத்தொட்டியில் 60 நாள். பிள்ளையின் போனிலிருந்தே டேக் இட் டவுன் தளத்தைத் திறந்து, வயது பற்றிய சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கோப்பைத் தேர்ந்தெடுத்தால் ரேகை அங்கேயே உருவாகும். அது மட்டும் போகும். இன்னும் எங்கும் வெளியாகாத படத்துக்கும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். தடுப்பூசி மாதிரி.

வீடியோவில் ஒரு சூட்சுமம். ஸ்டாப்என்சிஐஐ வீடியோவுக்குப் பயன்படுத்துவது எம்டி5 என்ற பழைய கணக்கு. அது எஸ்ஹெச்ஏ இனம், ஒரு பைட் மாறினாலும் வேறு வீடியோ. கேலரியில் இருக்கும் மூலமும் வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய பிரதியும் அதற்கு இரண்டு கோப்புகள். எனவே போனில் எத்தனை பிரதி இருக்கிறதோ அத்தனையையும் தேர்ந்தெடுக்க வேண்டும்; எந்தத் தளத்தில் கொடுத்தாலும் இதையே செய்வது நல்லது. ஸ்டாப்என்சிஐஐ முடிவில் ஒரு வழக்கு எண்ணும் ஒரு ரகசிய (PIN) எண்ணும் தரும். இரண்டையும் எழுதி வையுங்கள். புகாரின் நிலையைப் பார்க்க அவைதான் சாவி.

பெற்றோர் சறுக்குவது இங்கே: "ஆதாரத்துக்கு இருக்கட்டும்" என்று படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்வது, சித்தப்பாவுக்கும் தெரிந்த வக்கீலுக்கும் ஃபார்வர்டு செய்வது. வேண்டவே வேண்டாம். இத்தகைய படத்தை வெறுமனே தரவிறக்கி வைத்திருப்பது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, இத்தகைய படங்களை வைத்திருப்பது பற்றிய போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு எவ்வளவு தூரம் நீளும் என்று விரிவாகச் சொன்னது. அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் வரும்.

ஆதாரம் என்றால் வேறு: மிரட்டல் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் (அந்தரங்கப் படம் தெரியாதபடி), கணக்கின் முழு இணைப்பு, பயனர் பெயர், தேதி, நேரம், யுபிஐ ஐடி. பயனர் பெயரை அவன் அடுத்த மணி நேரத்தில் மாற்றலாம். அதனால் தடை செய்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நிற்பதில்லை, கொடுக்கக்கூடியவன் என்று தெரிந்ததும் தொகைதான் ஏறும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண்ணோடு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடியுமா என்பது நிமிடக் கணக்கு.

புகாருக்கு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் பெயர் சொல்லிக் கொடுத்தால்தான் பிறகு நிலையைத் தொடர்ந்து பார்க்க முடியும். பிள்ளை பேச ஆள் தேடினால் குழந்தைகள் உதவி எண் 1098. தளத்திடமே தனிப்பட்ட முறையில் புகார் செய்தால் நீக்குவதற்குக் கெடு உண்டு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோது வைத்த கெடு 24 மணி நேரம். ஒட்டி, மார்பிங் செய்த படத்துக்கும் இது பொருந்தும். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை நிறுத்த வேண்டுமே என்ற பயத்தில்தான் பல வீடுகளில் புகாரே போவதில்லை. போக்சோ 24ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோதான் எடுக்க வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும். யார் எடுத்தாலும் சீருடையில் இருக்கக் கூடாது. "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால், பிரிவு எண்ணைச் சொல்லி வீட்டு முகவரியைக் கொடுக்கலாம்.